இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி

மார்ச் 9, 2024, சனி

பிரிக்பீல்ட்ஸ் பயிற்சி மையத்திலிருந்து கிள்ளான் திரும்பும் வழியில், காரில், யுகேந்திரன் பேச்சை ஆரம்பித்தார். பிள்ளைகளுக்கு அடுத்த மாதம் பத்து வயது ஆகிறதாம். பிறந்தநாளுக்கு டிவியில் மாட்டி விளையாடுகிற கேம் செட் ஒன்று வாங்கிக் கொடுக்கலாமாம். அவருடைய கிடங்கில் வேலை செய்கிற ஒருவரின் மகனும் நம் பிள்ளைகளைப் போலத்தானாம். கேம் வந்த பிறகு வீட்டில் நிம்மதியாம்.

"யாருக்கு நிம்மதி?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும்தான் லா."

பின்சீட்டில் தனேஷ் ரயில் நிலையங்களின் பெயரை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தான். தாமரை நெற்றியைக் கண்ணாடியில் வைத்தபடி வந்தாள். இரட்டைப் பிள்ளைகள். இருவருக்கும் ஆட்டிசம். அவன் ஓயாமல் பேசுவான், ஆனால் கேட்டதற்குப் பதில் வராது. அவள் வாயே திறப்பதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துப் போய் ஃபிரிட்ஜின் மேல் வைப்பாள்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்கிறார். ஏன் என்று அவருக்குத் தெரியாதா?

ஏழு வருடங்களுக்கு முன் டாக்டர் இந்த நோயின் — நோய் என்று சொல்லக்கூடாது என்கிறார்கள் — இதன் பெயரைச் சொன்ன வாரம், அவருடைய அக்கா அமுதவள்ளி ரவாங்கிலிருந்து வந்தார். எங்கள் ஹாலில், அத்தனை பேர் முன்னால், "இவ சமைக்கிறப்ப புள்ளைங்க கையில போனைக் குடுத்துக் குடுத்துதான் இப்படி ஆயிப்போச்சு" என்றார். யுகேந்திரன் ஒரு வார்த்தை பேசவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து பிள்ளைகள் கையில் எந்தத் திரையையும் கொடுத்ததில்லை நான். இப்போது அவருக்கு நிம்மதி வேண்டுமாம்.

மார்ச் 13, புதன்

அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் கேம் செட் படங்களைப் பார்த்தேன். எதற்குப் பார்த்தேன்?

ஏப்ரல் 6, சனி

மிஸ் ஹேமாவிடம் கேட்டேன். ஐந்து வருடமாக இருவருக்கும் அவர்தான் பயிற்சி தருகிறார். நல்ல பெண். பொய் சொல்ல மாட்டார், அதுதான் தொல்லை.

"போன் குடுத்ததால ஆட்டிசம் வராதுக்கா. எத்தன தடவ சொல்லிட்டேன்."

"அப்ப கேம் குடுக்கலாமா?"

"அது புள்ளையப் பொறுத்தது. சிலருக்கு ரொம்ப உதவியா இருக்கு. சிலருக்கு நிறுத்தவே முடியாமப் போயிடுது."

"எங்க ரெண்டுல யாரு எந்த மாதிரி?"

"குடுத்துப் பார்த்தாதான்கா தெரியும்."

எல்லாரும் என் பிள்ளைகளை வைத்துத்தான் எதையும் தெரிந்துகொள்கிறார்கள்.

ஏப்ரல் 27, சனி

பிறந்தநாள். கேக் வெட்டி முடிப்பதற்குள் அமுதவள்ளி அக்கா ஒரு பெரிய பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பள்ளிக்கூட அலுவலகத்தில் கிராணியாகக் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரவாங்கில் தனியாக இருக்கிறார். தம்பி பிள்ளைகள் என்றால் உயிர் என்று எல்லாரிடமும் சொல்வார்.

பைக்குள் கேம் செட்.

"நீ வேணாம்னு சொன்னியாமே, யுகேன் சொன்னான். இந்த மாதிரி புள்ளைங்களுக்கு இதுதான் நல்லதுன்னு இப்ப சொல்றாங்க கோமதி."

"யாரு சொல்றாங்க அக்கா?"

"எல்லாருந்தான்."

ஏழு வருடத்துக்கு முன்னும் எல்லாரும்தான் சொன்னார்கள். போன் கொடுத்தது நான் என்றால் குற்றம். பெட்டி கொடுப்பது அவர் என்றால் பரிசு. இதை அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. புகைப்படத்துக்குச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

பெட்டியை அலமாரிக்கு மேல் தூக்கி வைத்திருந்தேன். பாசாருக்குப் போய் மீன் வாங்கி வருவதற்குள் யுகேந்திரன் இறக்கி, டிவியில் மாட்டி, இருவரையும் முன்னால் உட்கார வைத்துவிட்டார். மீன் பையோடு வாசலில் நின்றேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆளுக்கு அரை மணி நேரம் என்று தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். எனக்கு மிஞ்சிய அதிகாரம் அவ்வளவுதான்.

மே 11, சனி

எப்படி எழுதுவது இதை?

குளத்தில் மீன் பிடிக்கிற விளையாட்டு ஒன்று இருக்கிறது. தாமரைக்கு அதுதான். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை, அவளே கண்டுபிடித்துவிட்டாள். தூண்டிலைப் போட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருக்கிறாள். இன்று பெரிய மீன் ஒன்று மாட்டியது. சட்டென்று திரும்பினாள். கதவை அல்ல, விசிறியை அல்ல, என்னைப் பார்த்தாள்.

"ம்மா. பாரு."

பத்து வருடம்.

சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். என்னைக் கூப்பிட அவளுக்கு ஒரு பொம்மை மீன் வேண்டியிருந்தது. சந்தோஷப்படாமல் இதை ஏன் இப்படி எழுதுகிறேன்? கூப்பிட்டாளே, அது போதாதா?

யுகேந்திரன் உடனே ரவாங்குக்கு போன் போட்டார். "நான் சொன்னேன்ல!" என்ற அக்காவின் குரல் எனக்குச் சமையலறைவரை கேட்டது.

மே 19, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை காலைகள் எனக்கும் தனேஷுக்கும் உரியவை. கிள்ளானில் ரயில் ஏறி சென்ட்ரல்வரை போவோம், இறங்கி ஆளுக்கொரு வடை தின்போம், அடுத்த ரயிலில் திரும்புவோம். மூன்று வருடமாக ஒரு வாரமும் தவறியதில்லை. நான் வேண்டுமென்றே ஒரு நிலையத்தின் பெயரை மாற்றிச் சொல்வேன். அவன் கோபத்தோடு திருத்துவான். நாங்கள் பேசிக்கொள்வது என்றால் அதுதான்.

இன்று காலணியை எடுத்து முன்னால் வைத்தேன். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கார் ஓட்டுகிற விளையாட்டு.

"கிள்ளானுக்கு அடுத்து ஷா ஆலாம்" என்றேன்.

திருத்தவில்லை.

மே 30, வியாழன்

தனேஷ் சோபாவிலேயே சிறுநீர் கழித்துவிட்டான். ஐந்து வயதில் நின்ற பழக்கம். நனைந்ததுகூட அவனுக்குத் தெரியவில்லை, ஓட்டிக்கொண்டே இருந்தான்.

ஜூன் 15, சனி

மிஸ் ஹேமா சொன்னதெல்லாம் செய்து பார்த்தாயிற்று. மணல் கடிகாரம். 'முடிந்தது' என்று படம் போட்ட அட்டை. ஐந்து நிமிடத்துக்கு முன்பே எச்சரிக்கை. முடிந்ததும் பிடித்த பிஸ்கட்.

தாமரையிடம் அட்டையைக் காட்டினால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போகிறாள். தனேஷ் தன் கையைத் தானே கடிக்கிறான். இடது முழங்கைக்குக் கீழே பல் பதிந்து பதிந்து தோல் தடித்துவிட்டது. பெட்டியை அலமாரிக்குள் பூட்டி வைத்தால் அலமாரிக் கதவில் தலையை மோதுகிறான். கீழ்வீட்டு அங்கிள் இரண்டு முறை மேலே வந்து கேட்டுவிட்டார். அவரிடம் என்ன சொல்வது?

வேறு வேறு நேரத்தில் கொடுத்துப் பார்த்தோம். அடுத்த அறையில் அந்தச் சத்தம் கேட்டாலே போதும் அவனுக்கு. சத்தத்தை நிறுத்தி வைத்தோம். அவளுடைய விரல்கள் அசைவதைக் கதவிடுக்கில் பார்த்துவிட்டான்.

ஒரே வயிற்றில் ஒன்றாகக் கிடந்தவர்கள். ஒருத்திக்கு மருந்தாக இருப்பது இன்னொருவனுக்கு விஷமாக இருக்கிறது. அலுவலகத்தில் சொன்னால், "ஒருத்தருக்கு மட்டும் குடுங்க லா அக்கா" என்கிறார்கள். இரண்டரை அறை வீட்டில்.

ஜூன் 22, சனி

மூன்று தையல். தாமரைக்கு, இடது புருவத்துக்கு மேலே.

அவளுடைய முறை. நான் அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். யுகேந்திரன் குளித்துக்கொண்டிருந்தார். தனேஷ் அவள் கையிலிருந்து கன்ட்ரோலரைப் பிடுங்கி அதாலேயே அடித்திருக்கிறான். ஒரு முறை அல்ல. அவள் கத்தவில்லை. அவளுக்குக் கத்தவும் தெரியாதே. தனேஷ் கத்தியதைக் கேட்டுத்தான் ஓடினேன்.

கிளினிக்கில் நர்ஸ் கேட்டார். "எப்படிம்மா அடிபட்டுச்சு?"

"விழுந்துட்டா."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. தாமரை என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரியும். அந்த நிமிடம் அவள் பேச மாட்டாள் என்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது. எழுதிவிட்டேன். கோடிட்டு அடிக்க மாட்டேன்.

ஜூன் 23, ஞாயிறு

சண்டை. பெட்டியை வீட்டை விட்டே தூக்கிவிடலாம் என்கிறார் யுகேந்திரன்.

"தூக்காதீங்க" என்றேன்.

"நீதான வேணாம்னு சொன்ன? அன்னிக்கு மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டது நீதான?"

"அப்ப அவ பேசல!"

"தையல் போட்டிருக்கு கோமதி. அடுத்த தடவ கண்ணுல பட்டா?"

"அதுக்கு அவ வாய மூடணுமா? எங்கிட்ட ஒரு வார்த்த பேசறா, அதையும் புடுங்கிடணுமா? அவன் அடிப்பான், அவ இழக்கணும். அதான உங்க நியாயம்?"

"அப்ப என்னதான் செய்யச் சொல்ற? அவனக் கட்டிப் போடவா?"

இரண்டு பிள்ளைகளும் காதைப் பொத்திக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். அதில் மட்டும் இரட்டையர் என்று தெரிந்தது.

ஜூன் 24, திங்கள்

வேலையிலிருந்து திரும்பினேன். டிவிக்குக் கீழே வெறும் தூசிக் கட்டம். அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாராம்.

ஜூலை 14, ஞாயிறு

மூன்று வாரமாக தாமரை பேசவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துப் போய் டிவியின் மேல் வைக்கிறாள். "இல்லடி" என்கிறேன். மறுபடி பிடித்து வைக்கிறாள். அழுவதில்லை. கோபமும் இல்லை. பிறகு போய் ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொள்கிறாள்.

தனேஷ் வீடு முழுக்கத் தேடி முடித்துவிட்டான். இப்போது அவளைத் தண்டிக்கிறான். சோபாவின் அந்த ஓரத்தில் அவள் உட்கார்ந்தால் போதும், வந்து அடிக்கிறான். அவளிடம்தான் பெட்டி இருக்கிறது என்று நினைக்கிறானோ? மிஸ் ஹேமா கொஞ்ச நாளில் மறந்துவிடுவான் என்றார். ரயில் நிலையங்கள் எதையும் மறக்காதவன் இதை மட்டும் எப்படி மறப்பான்?

ஒரு பிள்ளை ஹாலில் இருந்தால் இன்னொன்று அறையில். நான் சாப்பிடும்போது அவர் காவல், அவர் சாப்பிடும்போது நான். ஒரு வீட்டுக்குள் இரண்டு குடும்பம் நடத்துகிறோம். நானும் அவரும் ஒன்றாக உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று?

ஆகஸ்ட் 10, சனி

"தாமரைய மட்டும் இங்க கொண்டாந்து விடேன். பெட்டி சும்மாதான கிடக்குது" என்று அக்கா போனில் சொன்னார். இரண்டு வாரம் பிடிவாதம் பிடித்தேன். இன்று கூட்டிக்கொண்டு போனேன்.

பெட்டியைப் பார்த்ததும் தாமரை ஓடவில்லை. மெதுவாகப் போய் அதன் மேல் உள்ளங்கையை வைத்தாள். பிறகு உட்கார்ந்தாள். அரை மணி நேரம் கழித்து, "ம்மா. பெரிசு" என்றாள். மீன்.

திரும்பி வரும்போது ரயிலில் என் மடியில் தலை வைத்துத் தூங்கினாள். வீட்டுக் கதவைத் திறந்ததும் தனேஷ் அவள் முடியைப் பிடித்தான்.

செப்டம்பர் 16, திங்கள், விடுமுறை

இந்த முறை இரண்டு இரவுகள் ரவாங்கில் விட்டிருந்தோம். அழைத்துவரப் போனபோது அக்கா தேநீர் கலந்து கொடுத்தார். வீடு முழுக்க ஒரு சத்தமில்லை. எனக்கு என்ன வந்ததோ, கேட்டுவிட்டேன்.

"அக்கா, அன்னிக்கு போனைப் பத்தி நீங்க சொன்னது ஞாபகம் இருக்கா?"

"எந்த போனு?"

"நான் போன் குடுத்ததாலதான் புள்ளைங்களுக்கு இப்படி ஆயிடுச்சுன்னு. எங்க வீட்டு ஹால்ல வச்சு சொன்னீங்க."

அவர் நடிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கி உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். "அப்படியா சொன்னேன்? இருக்கும்மா. அப்ப யாருக்கு என்ன தெரியும்?" என்றபடி பிஸ்கட் டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

ஏழு வருடம் நான் தூக்கிச் சுமந்ததை அவர் அன்று மாலையே கீழே போட்டுவிட்டுப் போயிருக்கிறார். பிஸ்கட் எடுத்துக்கொண்டேன். வேறென்ன செய்வது?

நவம்பர் 1, வெள்ளி

நேற்று தீபாவளி. குடும்பமாக இருக்க வேண்டும் என்று அந்த வாரமும் ரவாங்கில் விட்டிருந்த தாமரையை நான்தான் அடம்பிடித்துக் கூட்டிவந்தேன். புதுப்பாவாடை கட்டிவிட்டேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, தனேஷ் அவள் தோளில் கடித்துவிட்டான்.

மருந்து தடவிவிட்டுத் திரும்பினேன். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் கதவருகே நிற்கிறாள்.

"வீடு" என்றாள்.

"இதான்டி வீடு."

"அத்த வீடு."

யுகேந்திரன் காதில் விழவில்லை. முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு போய் விருந்தாளிகளிடம் நீட்டினேன்.

டிசம்பர் 7, சனி

ஒரு மாதமாக தாமரை ரவாங்கில்தான். பள்ளியில் சொல்லி விடுப்பு வாங்கியிருக்கிறோம். இன்று போயிருந்தேன். டிவிக்குப் பக்கத்தில் பெட்டியைக் காணோம். அக்கா மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட்டாராம்.

"அது கேக்குறதே இல்ல கோமதி. தீபாவளியிலேருந்து தொடவே இல்ல. நான் கீரை ஆஞ்சா பக்கத்துல வந்து உக்காந்துக்கும். இது பழுப்பு, இது நல்லதுன்னு ஒவ்வொரு இலையா எடுத்து சொல்லும்."

சொல்வதை என் காதால் கேட்டேன். பழுப்பு. நல்லது. இது அத்தைக்கு. இது குப்பைக்கு.

மாலையில் மிஸ் ஹேமாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அப்படியென்றால் பெட்டி இல்லாமலேயே அவள் பேசுகிறாளே, எதனால்?

"அங்க சத்தம் இல்லக்கா. ஒரே ஆளு, ஒரே குரல். யாரு வந்து அடிப்பாங்கன்னு பயம் இல்ல. கேம் விளையாடுறப்பவும் அவளுக்கு அப்படி ஒரு இடம் கிடைச்சிருக்கலாம், அதுக்குள்ள போயிட்டா வேற எதுவும் இல்லன்னு. எனக்கும் இப்பதான்கா தோணுது."

குடுக்கலாமா, வேண்டாமா, யார் குடுத்தது, யார் எடுத்தது என்று இத்தனை மாதம் அடித்துக்கொண்டோம். நான், அவர், அவருடைய அக்கா. அவளுக்கு வேண்டியிருந்தது கொஞ்சம் அமைதி. அதை எங்கள் வீட்டில் கொடுக்க என்னால் முடியாது. ஏனென்றால் சத்தம் என் இன்னொரு பிள்ளை.

ஜனவரி 5, 2025, ஞாயிறு

தனேஷ் இன்று என்னோடு ரயிலுக்கு வந்தான். அவனே காலணியை எடுத்து வைத்தான். கடிப்பது நின்று ஐந்து வாரம். படுக்கை நனைவதில்லை. அவள் போன பிறகு அவனும் தேறுகிறான். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

சாப்பிடும்போது யுகேந்திரன் தட்டைப் பார்த்தபடி சொன்னார். "அக்கா கேக்குது. ரவாங்லயே பள்ளிக்கூடம் சேத்துடலாமான்னு. அங்க ஸ்பெஷல் கிளாஸ் இருக்காம்."

"நான் போய் அவளோட இருக்கேன்."

"தனேஷ்?"

அவர் எழுந்து கை கழுவப் போனவர் வெகுநேரம் குழாயை மூடவில்லை. எட்டிப் பார்த்தேன். தொட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார், தோள்கள் குலுங்கின. பக்கத்தில் போகவில்லை நான். அன்றைக்குச் சுவரைப் பார்த்தவர்தானே, இன்றைக்குத் தொட்டியைப் பார்க்கட்டும் என்று நின்றுவிட்டேன். பிறகு போய் குழாயை மூடினேன்.

ஜனவரி 22, புதன்

வேறு வழி இருக்கிறதா என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்வேன். யாரும் சொல்லவில்லை. நல்ல முடிவு என்று மட்டும் எல்லாரும் சொல்கிறார்கள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நாளை பள்ளி திறக்கிறார்கள்.

தாமரையின் துணிகளைக் காலையில் கொண்டுபோனோம். இரண்டு பைகள். தனேஷை யுகேந்திரன் தெருமுனையில் காரிலேயே வைத்துக்கொண்டார். நான் மட்டும் உள்ளே போனேன். அக்கா பள்ளிப் படிவத்தை மேசைமேல் வைத்திருந்தார். மாணவியின் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர் எல்லாம் எழுதினேன். மாணவி யாருடன் வசிக்கிறார் என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. அக்கா பேனாவை வாங்கிக்கொள்ளவும் இல்லை, எழுது என்று சொல்லவும் இல்லை. பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும், எப்போதாவது. நானே எழுதினேன். அமுதவள்ளி. உறவு: அத்தை.

தாமரையின் அறையில் துணிகளை அடுக்கிக் கொடுத்தேன். நான் மடித்து வைத்ததை அவள் எடுத்து வேறு மாதிரி மடித்தாள். அத்தை மடிக்கிற விதம். புருவத்துத் தழும்பைத் தடவப் போனேன். தலையை நகர்த்திக்கொண்டாள். வெறுப்பு இல்லை. வேலையாக இருந்தாள், அவ்வளவுதான்.

வாசல்வரை வந்தாள். அத்தை வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் இப்போது வாசல்வரை வந்து அனுப்புகிறாளாம், அக்கா பெருமையாகச் சொன்னார். வாசல் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்து, ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள்.

"போயிட்டு வாங்கம்மா."

அவள் என்னிடம் சொன்ன முதல் முழு வாக்கியம்.

"வரேன்டி" என்றேன். அவள் கேட்டைச் சாத்திக்கொண்டாள்.